சார்ட்டர் பள்ளிக்கு மாறினால் ஐ.இ.பி. கூடவே வருமா?

நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலோ வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் தரகரிடம் முதலில் கேட்பது வாடகையை அல்ல, "இந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி?" என்பதைத்தான். அமெரிக்காவில் அரசுப் பள்ளி பெரும்பாலும் முகவரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தெருவின் இந்தப் பக்கம் குடியிருந்தால் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் குடியிருந்தால் வேறொரு பள்ளி. நல்ல பள்ளி வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் வீடு பிடிக்க வேண்டும், அதற்குக் கையில் காசு இருக்க வேண்டும். இந்த முடிச்சைத் தளர்த்தும் ஏற்பாடுகள் அனைத்துக்கும் சேர்த்து அங்கே ஒரு பெயர் உண்டு: பள்ளித் தெரிவு. 'பள்ளித் தேர்வு' என்று எழுதினால் பரீட்சை என்று படித்துவிடுவீர்கள் என்பதால், இலங்கைத் தமிழர் புழங்கும் 'தெரிவு' என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றப் பெற்றோருக்கு இதில் இருப்பது எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்ற ஒரு கேள்விதான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, நான்கு வரி வாசிக்கத் திணறும் பிள்ளை ஆகியோரின் பெற்றோருக்கு அதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. புதிய பள்ளிக்குள் பிள்ளை நுழையும்போது அவனுடைய சட்ட உரிமையும் (அதை எழுதி வைக்கும் காகிதம்தான் தலைப்பிலுள்ள ஐ.இ.பி.) உடன் நுழையுமா, வாசலோடு நின்றுவிடுமா? சார்ட்டர் (அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் பள்ளி), வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் சீட்டு) என்று பல வாசல்கள் இருக்கின்றன. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு பதில்.

முதலில் அந்த உரிமை என்ன என்று பார்த்துவிடுவோம். 1970 வாக்கில் அமெரிக்கப் பள்ளிகளில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. காது கேளாதவர், கண் தெரியாதவர், அறிவுத்திறன் குறைந்தவர் ஆகியோரைச் சேர்க்க வேண்டியதில்லை என்று பல மாநிலங்கள் சட்டமே வைத்திருந்தன. 1975 நவம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம் இதை மாற்றியது. 1990இல் அதற்கு ஐ.டி.இ.ஏ. (மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கான கல்விச் சட்டம்) என்று பெயர் மாறியது. இன்று 3 முதல் 21 வயது வரை ஏறத்தாழ 75 லட்சம் பேர் அதன் பாதுகாப்பில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டால் இது சுமார் 15 சதவீதம்.

சட்டம் சொல்வது எளிமையானது. குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியை இலவசமாகத் தர வேண்டும். முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்தே தர வேண்டும். ஆனால் 'பொருத்தமான' என்பது ரப்பர் போன்ற சொல். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதை அளந்து எழுதி வைப்பதற்குத்தான் ஐ.இ.பி. என்னும் தனிநபர் கல்வித் திட்டம் இருக்கிறது. வகுப்பாசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், பரிசோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர், பெற்றோர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதை எழுதுகிறார்கள். பிள்ளை இன்று எந்த நிலையில் இருக்கிறான், ஓராண்டில் எதுவரை வர வேண்டும், அதற்கு என்னென்ன உதவி தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும். பேச்சுப் பயிற்சி வாரம் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம் என்று மணிக்கணக்கு வரை எழுதுவார்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டுமா, பஸ்ஸில் துணைக்கு ஆள் வேண்டுமா என்பதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

எழுதியதைப் பள்ளி செய்யாவிட்டால் பெற்றோர் புகார் கொடுக்கலாம், விசாரணை கோரலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். தகராறு நடக்கும் காலத்தில் பிள்ளையை இருக்கும் இடத்திலிருந்து பள்ளி தன் விருப்பத்துக்கு நகர்த்த முடியாது. ஐ.இ.பி. வெறும் மருத்துவக் குறிப்பு அல்ல என்பதைப் புதிதாக வரும் பெற்றோர் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். ஏறக்குறைய பத்திரம் போன்ற காகிதம் அது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் அதில்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தால் கூடும் செலவுக்காக, ஒரு மாணவருக்கான நாட்டுச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு கணக்குப் போட்டது. எந்த ஆண்டிலும் அந்த 40 வரவில்லை. இன்று அதில் பாதிகூட வருவதில்லை. மிச்சத்தை மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமும் தேடிக்கொள்ள வேண்டும்.

இப்போது சார்ட்டருக்கு வருவோம். சார்ட்டர் என்றால் பட்டயம். அரசு ஒரு குழுவுக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கிறது: "பணம் தருகிறோம், பல விதிகளிலிருந்து விலக்கும் தருகிறோம், சொன்ன பலனைக் காட்டுங்கள், காட்டாவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம்." நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி போலவா என்று கேட்டால், தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். நிர்வாகம் தனியாரிடம், பணம் அரசிடம் என்பது வரை ஒற்றுமை. பட்டயத்துக்குக் காலக்கெடு இருப்பதும், அது முடியும்போது பள்ளியே முடியலாம் என்பதும் வேற்றுமை. ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷங்கர்தான் 1988இல் இந்த யோசனையை நாடறியச் செய்தார். பிறகு அது போன போக்கைப் பார்த்து அவரே அதை எதிர்க்கத் தொடங்கினார். மினசோட்டா 1991இல் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. இங்கே கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் பதில்: வரும். சார்ட்டர் பள்ளியும் அரசுப் பள்ளியே. மாநில விதிகள் பலவற்றிலிருந்து அதற்கு விலக்கு உண்டு, ஐ.டி.இ.ஏ. சட்டத்திலிருந்தோ, மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1973, 1990 ஆண்டுச் சட்டங்களிலிருந்தோ விலக்கு இல்லை. சேர்க்கைக்கு முன் "பிள்ளைக்கு ஐ.இ.பி. உண்டா?" என்று கேட்டு வடிகட்டக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் பள்ளி மாறினால், புதிய பள்ளி பழைய ஐ.இ.பி.யை அப்படியே ஏற்க வேண்டும், அல்லது புதியது எழுதும் வரை அதற்கு நிகரான உதவிகளைத் தர வேண்டும்.

காகிதத்தில் இவ்வளவு தெளிவு. நடப்பில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு ஒரு நிர்வாக நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்'. மாவட்டம் என்றதும் கலெக்டர் நினைவுக்கு வர வேண்டாம். பள்ளிகளுக்கென்றே உள்ள உள்ளாட்சி அமைப்பு அது. இருபது, முப்பது பள்ளிகள் ஒரே மாவட்டத்தில் இருந்தால், மூன்று பேச்சுப் பயிற்சியாளரை வைத்து எல்லாப் பள்ளிகளையும் சமாளிக்கலாம். நாள் முழுதும் செவிலியர் துணை தேவைப்படும் ஒரு பிள்ளையின் செலவு, ஆயிரக்கணக்கான மாணவர்களின் வரவுசெலவில் கரைந்துவிடும். சில மாநிலங்களில் சார்ட்டர் பள்ளி இப்படி ஒரு மாவட்டத்தின் நிழலில் நிற்கிறது. வேறு சில இடங்களில், தலைநகர் வாஷிங்டனில் இருப்பதைப் போல, ஒவ்வொரு சார்ட்டரும் தனக்குத்தானே மாவட்டம். 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி, பெரிய மாவட்டத்தின் கடமைகள் அத்தனையையும் தனியாகத் தலையில் ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட பள்ளிக்கு, செலவு மிகுந்த உதவி தேவைப்படும் ஒரே ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாலும் அந்த ஆண்டுக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். நியூயார்க்கில் இன்னொரு விதம்: ஐ.இ.பி.யை எழுதுவது குடும்பம் வசிக்கும் மாவட்டத்தின் குழு, வகுப்பறையில் நடைமுறைப்படுத்துவது சார்ட்டர் பள்ளி. பயிற்சியாளர் வராத வாரத்தில் யாரைக் கேட்பது என்பதற்கு மூன்று இடத்தில் மூன்று பதில்.

சார்ட்டர் பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை ஒதுக்குகின்றன என்ற புகார் நீண்ட காலமாக இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2009-10 கல்வியாண்டில் வழக்கமான அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் 11.2 சதவீதம், சார்ட்டர் பள்ளிகளில் 8.2 சதவீதம். மூன்று புள்ளி இடைவெளி. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை.

ஒரு விளக்கம், பள்ளி நாசூக்காகத் திருப்பி அனுப்புகிறது என்பது. "சேர்க்க மாட்டோம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது சட்டவிரோதம். "தாராளமாகச் சேருங்கள், ஆனால் எங்களிடம் அந்த வசதி இல்லை, பக்கத்துப் பள்ளி உங்கள் மகனுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்" என்று அக்கறையோடு சொல்வார்கள். கல்யாணப் பேச்சில் "ஜாதகம் பொருந்தவில்லை" என்பதைப் போல, கேட்பவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்துவிடுவார். இப்படி ஒன்று நடக்கிறதா என்று பார்க்க பீட்டர் பெர்க்மன், ஐசக் மெக்ஃபார்லின் என்ற இரு ஆய்வாளர்கள் 29 மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் உள்ள 6,452 பள்ளிகளுக்குக் கற்பனைப் பெற்றோர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். எப்படி விண்ணப்பிப்பது என்பதுதான் கேள்வி. சில கடிதங்களில் பிள்ளைக்கு ஐ.இ.பி. இருப்பதாக, தனி வகுப்பு தேவைப்படுவதாக ஒரு வரி. கடுமையான தேவை உள்ள பிள்ளை என்று தெரிந்த கடிதங்களுக்குப் பதில் குறைந்தது. அந்தக் குறைவுக்குச் சார்ட்டர் பள்ளிகளே காரணமாக இருந்தன. வழக்கமான பள்ளிகளையும் புனிதர்கள் என்று சொல்லிவிட முடியாது. நடத்தை சரியில்லாத, மதிப்பெண் குறைந்த பிள்ளை என்று குறிப்பிட்ட கடிதங்களுக்கு அவையும் குறைவாகவே பதில் எழுதின.

இன்னொரு விளக்கம் மார்கஸ் வின்டர்ஸ் என்ற ஆய்வாளருடையது. நியூயார்க், டென்வர் நகரங்களின் மாணவர் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்தவர் அவர். துரத்துவது பெரிய காரணமல்ல, இடைவெளி தொடக்கத்திலேயே பிறந்துவிடுகிறது என்றார். மழலையர் வகுப்புக்கே இப்பிள்ளைகளின் பெற்றோர் சார்ட்டருக்குக் குறைவாக விண்ணப்பிக்கிறார்கள். மேல் வகுப்புகளில் சார்ட்டர் பள்ளிகள் புதிதாக ஒரு பிள்ளைக்குக் 'கற்றல் குறைபாடு' என்று முத்திரை குத்துவதும் குறைவு. இதையே நல்ல செய்தியாகவும் வாசிக்கலாம், கெட்ட செய்தியாகவும் வாசிக்கலாம். பாஸ்டனில் எலிசபெத் செட்ரன் குலுக்கல் முடிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், சார்ட்டரில் இடம் கிடைத்த சிறப்புக் கல்வி மாணவர்கள் பலர் அந்த முத்திரையை இழந்தார்கள். ஆனால் அவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. முத்திரை போனது இழப்பா, விடுதலையா? பாஸ்டனின் பள்ளிகளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாஸ்டனை வைத்து ஊர் உலகத்தை அளந்துவிடக் கூடாது.

ஏனென்றால் நியூ ஆர்லியன்ஸ் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அந்நகரை மூழ்கடித்த பின், லூசியானா மாநில அரசு பெரும்பாலான பள்ளிகளைத் தன் கைக்கு எடுத்து, ஒவ்வொன்றாகச் சார்ட்டர் ஆக்கியது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய நகரம் முழுவதுமே சார்ட்டர். முகவரிப் பள்ளி என்ற ஒன்றே இல்லாமல் போனது. சாதாரணமாக, வேறு எங்கும் இடம் கிடைக்காத பிள்ளையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள முகவரிப் பள்ளி இருக்கும். அது இல்லாத ஊரில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார்கள். 2010இல் வழக்கு. சேர்க்க மறுக்கிறார்கள், சேர்த்தாலும் உதவி தருவதில்லை, குறைபாட்டால் வரும் நடத்தைக்காகப் பள்ளியை விட்டு விலக்கி வைக்கிறார்கள் என்பவை குற்றச்சாட்டுகள்.

வழக்கு 2015இல்தான் சமரசத்தில் முடிந்தது. பள்ளிகளைக் கண்காணிக்க நீதிமன்ற ஒப்புதலோடு வெளியார் ஒருவர் நியமிக்கப்பட்டார். அதற்குள் வேறு சில மாற்றங்களும் வந்திருந்தன. 2012இல் பெரும்பாலான பள்ளிகளுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கணினிக் குலுக்கல் என்றானது. பள்ளி முதல்வர் கதவருகில் நின்று ஆள் பார்த்துச் சேர்க்கும் வாய்ப்பு சுருங்கியது. கடுமையான தேவை உள்ள பிள்ளையைச் சேர்க்கும் பள்ளிக்குக் கூடுதல் பணம் என்று பங்கீட்டையும் திருத்தினார்கள். தெரிவு என்பது பெற்றோர் கையில் மட்டும் இருப்பதல்ல, யாரும் பார்க்காவிட்டால் பள்ளியும் பிள்ளையைத் தெரிந்தெடுக்கும் என்பதை அந்த நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

நேர் எதிரான வகையும் உண்டு: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகவே தொடங்கிய சார்ட்டர்கள். செயின்ட் பால் நகரின் மெட்ரோ காது கேளாதோர் பள்ளி 1993இல் திறந்தது. அங்கே அமெரிக்கச் சைகை மொழியும் ஆங்கிலமும் பயிற்று மொழிகள். நியூயார்க்கில் ஆட்டிசத்துக்கெனவே ஒரு சார்ட்டர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் சைம் பள்ளி வேறு வழியில் போனது: எல்லா வகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில், இரண்டு ஆசிரியர் சேர்ந்து கற்பிக்கும் முறை. 'மற்றவர்களோடு சேர்த்து' என்ற சட்டத்தின் சொல்லுக்கு ஆட்டிசம் மட்டுமே உள்ள பள்ளி பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. காது கேளாத பிள்ளையின் தாயிடம் கேட்டால், சைகை தெரியாத முப்பது பேர் நடுவில் உட்கார்வதுதான் உண்மையான தனிமை என்பார்.

இனி வவுச்சர். இதைச் சார்ட்டரோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம், குழப்பத்தின் விலையும் அதிகம். வவுச்சர் என்பது அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணமாக மாற்றித் தரும் சீட்டு. ஃப்ளோரிடா 1999இல் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்காக மெக்கே உதவித்தொகையைச் சோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதற்கும் விரித்தது. அரிசோனா 2011இல் இன்னொரு படி மேலே போய், பெற்றோர் கணக்கிலேயே பணத்தைப் போட்டது. அதைப் பள்ளிக்கும் கொடுக்கலாம், பயிற்சியாளருக்கும் கொடுக்கலாம். அதுவும் முதலில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. 2022இல் மாநிலத்தின் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இப்பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் கதவைத் திறப்பது, பிறகு எல்லோரும் உள்ளே போவது என்ற இந்த வரிசையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

இந்த வாசலில் உரிமை உள்ளே வராது. பெற்றோர் தாமாகவே தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கு ஐ.டி.இ.ஏ. சட்டப்படி தனி உரிமை இல்லை, ஐ.இ.பி. கட்டாயமில்லை, பள்ளி சொன்னதைச் செய்யாவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை கேட்க முடியாது. உள்ளூர் மாவட்டம் ஒரு சிறு நிதியை ஒதுக்கிச் சில உதவிகள் தரும், அவ்வளவே. பள்ளி சேர்க்க மறுக்கலாம். கட்டணம் வவுச்சரைவிட அதிகமானால் மீதி பெற்றோர் தலையில். இது தெரிந்தே போகும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளியில் நான்கு வருடம் சண்டையிட்டு அலுத்தவருக்கு, உரிமை இல்லாத ஆனால் அன்பான பள்ளி போதும் என்று தோன்றலாம். தெரியாமல் போவதுதான் கொடுமை. ஜி.ஏ.ஓ. 2017இல் பார்த்தபோது, மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கான இத்தகைய திட்டங்களில் இருந்த மாணவர்களில் 83 சதவீதம் பேர், இந்த உரிமை மாற்றத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாத அல்லது தவறாகச் சொன்ன திட்டங்களில்தான் இருந்தார்கள்.

தனியார் பள்ளிக்கு உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே போகும் இன்னொரு பாதையும் இருக்கிறது, கரடுமுரடான பாதை. கொலராடோவின் டக்ளஸ் கவுண்டியில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் ஐ.இ.பி.யில் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகள் திரும்பத் திரும்ப வந்தன. பெற்றோர் அவனை எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள், அங்கே முன்னேறினான். வவுச்சர் கேட்காமல், பொருத்தமான கல்வியைத் தரத் தவறிய மாவட்டமே கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். மிகச் சிறிய பலன் இருந்தாலே போதும் என்று கீழ்நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை எட்டும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். எண்ட்ரூ எஃப். வழக்கு என்று சொல்வார்கள். ஐ.இ.பி. கூட்டங்களில் இந்தப் பெயரைப் பெற்றோர் இன்றும் உச்சரிக்கிறார்கள்.

இந்தியாவிலும் தெரிவு சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, தன் விருப்பப்படி சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. ஐ.இ.பி. போல நிமிடக் கணக்கில் எழுதி, மீறினால் விசாரணைக்கு இழுக்கக்கூடிய காகிதத்தைத்தான் அங்கே காணோம். ஊரிலிருந்து போகும் பெற்றோர் ஐ.இ.பி. கூட்டத்தில் "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சார்ட்டர் பள்ளியைப் பார்க்கப் போகும்போது "உங்களிடம் சிறப்புக் கல்வி உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அவர் பள்ளியின் ஊழியரா ஒப்பந்தத்தில் வருபவரா, சிறப்புக் கல்விக்குச் சட்டப்படி பொறுப்பு உங்கள் பள்ளியா மாவட்டமா, கடந்த ஆண்டு ஐ.இ.பி. உள்ளவர்களில் எத்தனை பேர் நடுவில் விலகினார்கள் என்று கேளுங்கள். "உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி பொருந்தாது" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பலருக்கு அப்போது தொனி மாறிவிடும். பரிசோதனை கேட்பதாக இருந்தாலும் கடிதமாகவே கேளுங்கள். பெற்றோர் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முதல் பரிசோதனையை முடிக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். சில மாநிலங்கள் தமக்கென வேறு கெடு வைத்திருக்கின்றன.

பிள்ளையின் விசா எந்த வகை என்பது இதில் எதையும் மாற்றாது. ஆங்கிலத்தில் தடுமாறும் தாயோ தந்தையோ கூட்டத்துக்கு வருகிறார் என்றால், பேசுவது அவருக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. தமிழுக்கும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசி வழியாகப் பிடித்துத் தருவார்கள். ஏற்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்பதால், கூட்ட அழைப்பு கைக்கு வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.